காட்சிக்குப் பிறந்த கார்களும் கண் பிதுங்கிய பூதங்களும்

அமெரிக்காவின் எல் பாசோ நகருக்கு எதிரே, எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டில் அங்கே ஒரு கடை வாசலில் விசித்திரமான வாகனம் ஒன்று கிடந்தது. வயது வந்தோருக்கு மட்டுமான புத்தகங்களை விற்கும் கடை அது. வாகனத்தின் முன்பக்கத்தைக் காணவில்லை. எஞ்சிய உடம்பு குப்பைத் தொட்டியாகப் பயன்பட்டுக் கொண்டிருந்தது. பழைய கார்களைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கும் மைக்கேல் லைட்போர்ன் என்ற அமெரிக்கர் அது எதுவென்று அடையாளம் கண்டுகொண்டார். பல ஆண்டுகளாகத் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட 'ஆர்பிட்ரான்' அது.

அப்படி என்ன பெரிய கார் அது? ஃபெராரியா, ரோல்ஸ் ராய்ஸா? இரண்டுமில்லை. 1964இல் கலிபோர்னியாவில் ஒரு சிறு பட்டறையில், கண்ணாடி நாரும் பிசினும் கொண்டு கையால் செய்யப்பட்ட ஒற்றைக் கார். ஊருக்குப் போய்வர அது உதவாது. மழையில் ஓட்ட முடியாது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக முடியாது. மேடையில் நிறுத்தி, விளக்குப் போட்டு, மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி வந்து பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது.

போக்குவரத்துக்கு அல்லாமல் பார்வைக்காகவே ஒரு வாகனம் செய்வது நமக்குப் புதிதல்ல. கோயில் தேர் அப்படித்தான். ஆனால் தேருக்குப் பின்னால் ஊரும் சமயமும் மரபும் இருக்கின்றன. கலிபோர்னியாவின் இந்தக் கார்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எண்ணெய்க் கறை படிந்த இளையர்கள். பெரியவர்கள் அவர்களைப் போக்கிரிகள் என்றார்கள். ஓவியக் கூடங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் செய்தது கலையா, குப்பையா என்ற வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது.

வறண்ட ஏரியில் தொடங்கிய கதை

தென் கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு வடக்கே மியூராக், எல் மிராஜ் என்று தண்ணீர் வற்றிய ஏரிகள் உண்டு. மைல் கணக்கில் சமதளமாக, சிமெண்டுத் தரைபோல இறுகிக் கிடக்கும். 1930களில் இளையர்கள் பழைய ஃபோர்டு கார்களை அங்கே கொண்டுபோய் வேகம் பார்த்தார்கள். மட்கார்டைக் கழற்றினார்கள், கண்ணாடியைக் கழற்றினார்கள், எடையைக் குறைக்க எதையெல்லாம் கழற்ற முடியுமோ அதையெல்லாம் கழற்றினார்கள். 1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் வி-8 என்ஜினைச் சாமானியர் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. சில ஆண்டுகள் கழித்து அந்தக் கார்கள் பழைய வண்டிகளாகக் கைக்கு மலிவாக வந்து சேர்ந்தபோது இந்த இளையர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. இப்படிக் குறைத்து, முடுக்கிவிடப்பட்ட வண்டிக்குத்தான் 'ஹாட் ராட்' என்று பெயர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் பலருக்கு விமானத்தையும் டாங்கியையும் பழுதுபார்த்த அனுபவம் இருந்தது. உலோகம் ஒட்டத் தெரியும், கடைசல் இயந்திரம் தெரியும். 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே பத்திரிகை வந்தது. அதே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் இக்கார்களுக்கென்று ஒரு கண்காட்சியும் நடந்தது. சாலையில் பந்தயம் விட்டு உயிரை விடுகிறவர்கள் என்ற கெட்ட பெயரைப் போக்குவதும் அந்தக் கண்காட்சியின் நோக்கம்.

கண்காட்சி வந்ததும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை வேகமாக ஓடும் வண்டிக்கே மதிப்பு. இப்போது நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கும் பரிசு கிடைத்தது. நிற்கிற வண்டி அழகாக இருக்க வேண்டும், பக்கத்து வண்டியைவிட வித்தியாசமாக இருக்க வேண்டும். 'கஸ்டம்' கார் என்ற கலை அங்கே வேர்விட்டது.

அதில் பெரிய பெயர் ஜார்ஜ் பேரிஸ். அவரும் அண்ணன் சாமும் நடத்திய பட்டறையில் 1951ஆம் ஆண்டு மெர்குரி கார் ஒன்றைப் பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக மாற்றி அமைத்தார்கள். கூரையைத் தாங்கும் தூண்களைச் சில அங்குலம் அறுத்து எடுத்துவிட்டு, கூரையை மீண்டும் இறக்கி ஒட்டுவது ஒரு வேலை. சொல்லும்போது எளிது. தூண்கள் சாய்வாக இருப்பதால், அறுத்த பிறகு மேல் பாதியும் கீழ்ப் பாதியும் நேராக வந்து உட்காராது. கூரையையே நீட்டவோ வளைக்கவோ வேண்டும். கண்ணாடியை வெட்ட வேண்டும். கதவு பழையபடி மூட வேண்டும். இணைப்புத் தழும்புகளை ஈயம் உருக்கி ஊற்றி, அரத்தால் இழைத்து மறைப்பார்கள். ஹிரோஹாட்டா மெர்குரியைப் பார்க்கிறவர்கள் அது தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்ததாகத்தான் நினைப்பார்கள். அந்த வேலையின் பெருமையே அதுதான்.

சாயத்திலும் ஒரு வித்தை இருந்தது. முதலில் வெள்ளி அல்லது தங்க நிறத்தில் மினுக்கும் அடிச்சாயம். அதன்மேல் நிறம் கலந்த, ஆனால் ஊடே பார்க்கக்கூடிய மெல்லிய பூச்சு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை. வெளிச்சம் மேல்பூச்சைக் கடந்து உள்ளே போய், அடியில் இருக்கும் மினுக்கில் பட்டுத் திரும்பி வரும். அதனால் நிறம் மேலே பூசியதுபோல் தெரியாமல், ஆழத்திலிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். பாகில் முக்கிய மிட்டாயை வெயிலில் தூக்கிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதற்கு 'கேண்டி' சாயம் என்றே பெயர் வைத்தார்கள். பூச்சு ஓரிடத்தில் ஒரு சுற்று கூடிவிட்டாலும் அந்த இடம் கறுத்துத் தெரியும். சரிசெய்ய வழியில்லை, முழுப் பகுதியையும் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

'வான் டச்' என்று தம்மை அழைத்துக்கொண்ட கென்னத் ஹோவர்ட், பெயர்ப்பலகை எழுதுபவரின் மகன். நீண்ட மயிர் கொண்ட மெல்லிய தூரிகையால், அளவுகோல் வைக்காமல், காரின் உடம்பில் கோடுகள் இழுப்பார். உலோகத்தை இழைத்ததால் உண்டான கீறலை மறைக்க வேண்டிய இடத்தில், இடமும் வலமும் ஒத்திருக்கும் கோலம்போல ஒரு வடிவத்தை வரைந்துவிடுவார். குறையை மறைக்க வந்த கோடு, பிறகு காருக்கே அணியாகிவிட்டது. அவரைப் பார்த்துக் கோடு இழுக்கக் கற்றவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர்தான் எட் ரோத்.

உலோகம் வேண்டாம் என்றவர்

ரோத் 1932இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். அமெரிக்க விமானப் படையில் சேவை முடித்து 1955இல் வெளியே வந்தார். பகலில் ஒரு பெரிய பேரங்காடியில் காட்சி அலங்கார வேலை, மற்ற நேரத்தில் கார்களுக்குக் கோடு இழுக்கும் வேலை. பிறகு மேவுட் என்ற ஊரில் சொந்தப் பட்டறை.

பேரிஸைப்போல உலோகத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமையும் இல்லை, அதற்கான பணமும் இல்லை. அவர் பிடித்துக்கொண்டது ஃபைபர் கிளாஸ். சட்டத்தின்மேல் பிளாஸ்டர் சாந்தை அப்பி, களிமண் சிற்பம்போலச் செதுக்கினார். வேண்டிய வடிவம் வந்ததும் அதன்மேல் கண்ணாடி நார்த் துணியை விரித்துப் பிசின் தடவினார். பிசின் இறுகிய பிறகு, உள்ளே இருக்கும் பிளாஸ்டரைக் கொத்தி எடுத்துவிட்டால் மெல்லிய ஓடு மிஞ்சும். அதுதான் காரின் உடம்பு.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவரை எந்தக் கஸ்டம் காரும் டெட்ராய்ட் தொழிற்சாலை செய்த காரின் திருத்தம்தான். எவ்வளவு வெட்டினாலும் அடியில் ஒரு ஃபோர்டோ மெர்குரியோ இருக்கும். ரோத்தின் முறையில் அந்தக் கட்டு அறுந்தது. மனத்தில் தோன்றியது எதுவோ அதையே காராகச் செய்யலாம். பல மில்லியன் டாலர் பெறுமான அச்சு இயந்திரம் இல்லாமல், ஒரு கொட்டகையில், வாளியும் தூரிகையும் வைத்துக்கொண்டு செய்யலாம். உலோக வேலைக்காரர்கள் இதைக் கேலி செய்தார்கள். சிரமப்படாமல் குறுக்கு வழியில் போகிறான் என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஓரளவு உண்மையும் உண்டு. ரோத்தின் கார்களில் பேரிஸின் நேர்த்தியைத் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் பேரிஸ் நினைத்தும் பார்க்காத வடிவங்கள் அவற்றில் இருந்தன.

1959இல் 'அவுட்லா' வந்தது. 1961இல் 'பீட்னிக் பேண்டிட்'. இதில் ஸ்டீயரிங் சக்கரமே கிடையாது. நடுவில் ஒற்றைக் கைப்பிடி, அதைக் கொண்டே திருப்பவும் வேகம் கூட்டவும் நிறுத்தவும் வேண்டும். மேலே கூரைக்குப் பதில், சோப்புக் குமிழிபோன்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் மூடி. பிளாஸ்டிக் தகட்டை பீஸா அடுப்பில் வைத்து இளக்கி, காற்றை ஊதி உப்பவைத்ததாக அந்தக் காலத்துக் கதை உண்டு. 1962இல் 'ரோட்டார்' என்ற, சக்கரமே இல்லாமல் காற்றின்மேல் மிதக்கும் வாகனம். 1963இல் 'மிஸ்டீரியன்'. இரண்டு பெரிய ஃபோர்டு வி-8 என்ஜின்கள் பக்கத்தில் பக்கத்தில். அந்தக் கனத்தைத் தாங்காமல், ஊர் ஊராகக் கண்காட்சிக்கு இழுத்துச் செல்லும்போதே அதன் சட்டம் விரிசல் விட்டது. அழகுக்கும் பொறியியலுக்கும் சண்டை வந்தால் ரோத் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு அந்த விரிசலே சாட்சி.

ஆர்பிட்ரானை வடிவமைத்தவர் எட் நியூட்டன் என்ற இளைஞர், சாயம் பூசியவர் லாரி வாட்சன். முன்னால் ஒரு பக்கமாக மூன்று விளக்குகள்: சிவப்பு, பச்சை, நீலம். மூன்று ஒளியும் சேர்ந்தால் வெள்ளை ஒளி ஆகும் என்பது யோசனை. அப்போது அமெரிக்க வீடுகளுக்குள் வரத் தொடங்கியிருந்த வண்ணத் தொலைக்காட்சியின் தத்துவமும் அதுவே. ஆனால் அந்தக் காரில் என்ஜினை மூடி போட்டு மறைத்துவிட்டார்கள். பளபளக்கும் என்ஜினைப் பார்க்க வந்த கூட்டம் ஏமாந்தது, அதுவே தாம் செய்த தவறு என்று ரோத் பிற்காலத்தில் கருதினார்.

பூதம் வந்த வழி

கார்கள் புகழைத் தந்தன, சோறு போடவில்லை. சோறு போட்டவை பூதங்கள்.

கண்காட்சிகளில் ரோத் ஒரு மூலையில் உட்கார்ந்து, காற்றுத் தூரிகையால் டி-சட்டையில் படம் வரைந்து விற்றார். கேட்கிறவருடைய கார் எதுவோ அதை வரைவார். கார் சின்னதாக இருக்கும், பின்சக்கரம் மலைபோல இருக்கும், டயரிலிருந்து புகை கிளம்பும். கூரையைப் பிய்த்துக்கொண்டு ஒரு பூதம் எழுந்து நிற்கும். கண் இரண்டும் சிவந்து வெளியே பிதுங்கும், நாக்கு தொங்கும், எச்சில் ஒழுகும், ஒரு கை ஆகாயத்தில் கியர்க் கம்பியைப் பிடித்திருக்கும். டெட்ராய்ட் பக்கத்தில் ஸ்டான்லி மவுஸ் என்பவரும் இதே வேலையைச் செய்தார். டி-சட்டை என்பது உள்ளே போடும் பனியன் என்று கருதப்பட்ட காலம் அது. நெஞ்சில் படத்தோடு அதை வெளியே போட்டுக்கொண்டு திரிவதே பெற்றோரைச் சீண்டும் செயல்.

பூதம் ஏன் அந்த நேரத்தில் பிடித்தது? 1954இல் காமிக்ஸ் புத்தகங்களுக்குக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, திகில் கதைகள் கடைகளிலிருந்து மறைந்தன. ஆனால் 1957இல் ஹாலிவுட்டின் பழைய டிராகுலா, பிராங்கன்ஸ்டைன் படங்கள் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கட்டாக விற்கப்பட்டன. இரவு நேரத்தில் அவை வீடு வீடாக நுழைந்தன. 'மேட்' போன்ற கேலிப் பத்திரிகைகளும் இருந்தன. கதவை அடைத்தால் ஜன்னல் வழியாக வந்த பூதம் அது.

அந்தக் கூட்டத்தில் நிலைத்து நின்றது 'ரேட் ஃபிங்க்' என்ற பச்சை எலி. கொப்பளிக்கும் கண், கூரிய பற்கள், மேலே வட்டமிடும் ஈக்கள், சிவப்புச் சட்டையில் தன் பெயரின் முதல் எழுத்துகள். 'காட்டிக் கொடுக்கிறவன், ஈனப்பயல்' என்ற பொருள்படும் வசவுச் சொல்லையே பெயராக வைத்தார்கள். 1963இல் கார் பத்திரிகை விளம்பரங்களில் அது நாடெங்கும் போனது. டிஸ்னியின் மிக்கி எலி சுத்தமாகக் குளித்துத் தலைவாரி, சொன்ன பேச்சுக் கேட்கும் எலி. ரேட் ஃபிங்க் அதற்கு எதிர். பள்ளியில் முதல் பரிசு வாங்காத, பந்தடிப்பிலும் பேர் வாங்காத பையன் தன் முகத்தை அதில் கண்டான்.

நம் வீடுகளில் திருஷ்டிப் பூசணியில் வரையும் முகத்துக்கும் கண் பிதுங்கும், பல் நீளும், நாக்குத் தொங்கும். அதைப் பார்த்து யாரும் வரையத் தெரியாதவன் வரைந்தது என்று சொல்வதில்லை. கோரமும் ஒரு வேலைக்காகத்தான் வரையப்படுகிறது.

1962 முதல் ரெவெல் என்ற பிளாஸ்டிக் மாதிரி நிறுவனம் ரோத்தின் கார்களைச் சிறுவர்கள் ஒட்டிச் சேர்க்கும் பொம்மைப் பெட்டிகளாக விற்றது. பிறகு ரேட் ஃபிங்க்கும் பெட்டிக்குள் வந்தது. 'எட்' என்ற பெயர் எடுப்பாக இல்லை என்று 'பிக் டேடி' என்ற பட்டத்தைச் சூட்டியதும் அந்நிறுவனத்தின் விளம்பரக்காரர்தான். ஒரு பெட்டி விற்றால் ரோத்துக்குக் கிடைத்தது 1 சென்ட். மில்லியன் கணக்கில் விற்றதால் அந்த ஒற்றைச் சென்ட்டும் கணிசமான பணமானது உண்மைதான். இருந்தாலும் இந்தத் தொழிலில் யார் கை உழைத்தது, யார் பை நிறைந்தது என்று பார்க்கிறபோது அந்த எண் நெருடுகிறது. ரோத்தின் பட்டறையிலேயே நியூட்டனைப் போன்றவர்கள் வரைந்தவை பலவும் முதலாளியின் பெயரில்தான் உலகத்துக்குப் போயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1963இல் டாம் வுல்ஃப் என்ற எழுத்தாளர் 'எஸ்குவயர்' இதழில் பேரிஸையும் ரோத்தையும் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ரோத்தை ஓவியர் சல்வடார் டாலியோடு ஒப்பிட்டார். இந்தப் பட்டறைக்காரர்களைக் கலைஞர்கள் என்று மதித்து எழுதிய, படித்த வர்க்கத்தின் முதல் குரல்களில் அது ஒன்று.

இறங்குமுகம்

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் இசைக்குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியது. கார் பாகம் வாங்கச் சேர்த்த காசில் பையன்கள் கித்தார் வாங்கத் தொடங்கினார்கள் என்று ரோத் குறைப்பட்டுக் கொள்வார். அதைவிட வலுவான காரணம் டெட்ராய்டிலேயே இருந்தது. அதே 1964இல் ஃபோர்டு முஸ்டாங்கும் போன்டியாக் ஜிடிஓவும் வந்தன. வேகமும் மிடுக்கும் தவணை முறையில் கடையிலேயே கிடைக்கும்போது, எவன் கொட்டகையில் பிசின் வாடையில் நிற்பான்?

விற்பனை சரிந்தபோது ரோத் இன்னொன்றையும் விற்றார். ஜெர்மன் ராணுவத்தின் இரும்புச் சிலுவைப் பதக்கத்தின் நகல்கள், நாஜிக் காலத்துத் தலைக்கவசத்தின் பிளாஸ்டிக் நகல்கள். 1966 வாக்கில் கடற்கரை இளையர்கள் அதைக் கழுத்தில் மாட்டித் திரிந்தார்கள். போர் முடிந்து 21 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. முகாம்களில் உறவினரைப் பறிகொடுத்தவர்கள் அதே தெருவில் குடியிருந்தார்கள். பெரியவர்களைச் சீண்டும் வேடிக்கை என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. எலியை வரைந்து சீண்டுவது வேறு, இது வேறு. ரோத்தைக் கொண்டாடும் நூல்கள் சில இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றன. புரட்ட வேண்டிய பக்கம் அல்ல அது.

சட்டத்தோடு மோதும் மோட்டார் சைக்கிள் கும்பல்களோடும் அவர் பழகினார். ரெவெல் நிறுவனம் விலகிக்கொண்டது. 1970 வாக்கில் பட்டறை மூடியது. கார்கள் கைமாறின. ரோத் ஒரு கேளிக்கைப் பூங்காவில் பெயர்ப்பலகை எழுதும் சம்பளக்காரரானார். 1974இல் மோர்மன் சபையில் சேர்ந்தார். கடைசிக் காலத்தில் யூட்டா மாநிலத்தின் மேன்டை என்ற சிற்றூரில் வாழ்ந்து, 2001 ஏப்ரல் 4ஆம் தேதி மறைந்தார்.

வழக்கு என்ன ஆனது? ரோத்தின் பட்டறையில் 1965 முதல் விளம்பர ஓவியராக இருந்த ராபர்ட் வில்லியம்ஸ் பிற்காலத்தில் புகழ்பெற்ற ஓவியரானார். 1993இல் கலிபோர்னியாவின் லகூனா கலைக் காட்சியகம் வான் டச், ரோத், வில்லியம்ஸ் மூவரையும் முன்னிறுத்திப் பெரிய கண்காட்சி நடத்தியது. அடுத்த ஆண்டு வில்லியம்ஸும் நண்பர்களும் 'ஜக்ஸ்டபோஸ்' என்ற ஓவிய இதழைத் தொடங்கினார்கள். 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடருக்காக 1966இல் பேரிஸ் மாற்றி அமைத்த கார், 2013 ஏலத்தில் 4.2 மில்லியன் டாலர் வரை கேட்கப்பட்டது. ஹிரோஹாட்டா மெர்குரி 2022இல் ஏறத்தாழ 2 மில்லியனுக்குப் போனது. பீட்னிக் பேண்டிட் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகர மோட்டார் காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஹுவாரெஸ் குப்பைத் தொட்டியாக இருந்த ஆர்பிட்ரானை, கலிபோர்னியாவில் கார் வணிகம் செய்யும் கேல்பின் நிறுவனத்தார் வாங்கினார்கள். டேவ் ஷூட்டன் என்ற கைவினைஞர் காணாமல்போன முன்பக்கத்தை, மூன்று விளக்குகளோடு மீண்டும் செய்து பொருத்தினார்.

மிஸ்டீரியன் மட்டும் திரும்பவில்லை. பிரித்து விற்றிருக்கலாம், எங்கோ மட்கியிருக்கலாம். அதே ஷூட்டன் முன்னதாகவே அதன் நகல் ஒன்றைச் செய்துவிட்டிருந்தார். அளவெடுக்க அசல் கார் இல்லை, வரைபடமும் இல்லை. பழைய புகைப்படங்கள் இருந்தன, அவற்றோடு ரெவெல் விற்ற பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டி ஒன்று இருந்தது. பெட்டிக்கு 1 சென்ட் வீதம் ரோத் வாங்கினாரே, அதே பொம்மை. அதைப் பார்த்து, அளந்து, பெருக்கிக் கணக்கிட்டு, இரண்டு என்ஜினோடு மிஸ்டீரியனை மறுபடியும் நிறுத்தினார்.